தந்தத்திற் குருதி பாய்ச்சிய தூரிகை

ஓவியம் எழுதுவோர்க்கு மலையும் மரமும் ஆடையும் அணியும் அத்துணை அரியன அல்ல. மனித மேனியே அரிது. தோல் ஒரு நிறத்தது அன்று. கன்னத்திற் செம்மை, கண்ணின்கீழ் நீலம், நெற்றியில் வெண்மை, நாடியில் நிழல் எனப் பல நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒன்றுபோலத் தோன்றுவது அது. மாமை என்றும் பசலை என்றும் சொல்லால் வேறுபடுத்திய நம் புலவர் இவ்வருமையை நன்குணர்ந்தோராவர். அதனை இருவிரல் அகலத்துள் அமைத்துக் காட்டுதல் அரிதினும் அரிது. அச்செயலையே வாழ்க்கைத் தொழிலாகத் தொடங்கி, ஐரோப்பா எங்கணும் புகழ்பெற்றவர் உரொசால்பா கரியேரா என்னும் அம்மையார்.

இவர் 1673 ஆம் ஆண்டு சனவரி 12 ஆம் நாள் இத்தாலியிலுள்ள வெனிசு நகரிற் பிறந்தார். தந்தையார் அந்திரேயா ஓர் எழுதுவினைஞர். தாயார் அல்பா ரேந்தை பின்னுபவர். பெண்மக்கள் மூவருள் உரொசால்பாவே மூத்தவர். செல்வக் குடியன்று, கைத்தொழிலே குடும்பத்துக்கு ஊன்றுகோல். ரேந்தை வணிகம் தளர்ந்தபொழுது, மூக்குப்பொடிச் சிமிழ்களின் மூடிகளிற் சிற்றுருவங்களை எழுதத் தலைப்பட்டார் என்று கூறுவர்.

அந்நாள்வரை சிற்றோவியங்கள் பெரும்பாலும் பதப்படுத்திய கன்றுத் தோலிலேயே எழுதப்பட்டன. உரொசால்பா அதனை விடுத்து யானைத் தந்தத்தின் மெல்லிய தகட்டினை மேற்கொண்டார். அங்ஙனம் மேற்கொண்ட முதல்வருள் ஒருவர் இவர். தந்தம் எளிதில் வசப்படும் பொருள் அன்று. அதன் வழுவழுப்பில் நீர்வண்ணம் பரவாது திரண்டு நிற்கும்; சிறிது மிகுந்தால் முன்னர் இட்ட நிறமும் கரைந்தொழியும். ஆகவே நுண்புள்ளிகளாலும் மயிரிழை போன்ற கோடுகளாலும் பொறுமையுடன் நிறத்தைச் சேர்த்தல் வேண்டும். ஆடைக்குக் கனத்த வண்ணம் இடலாம். முகத்துக்கோ ஒளி ஊடுருவும் மெல்வண்ணமே தகும். அவ்வாறு இட்டவழி, ஒளி அவ்வண்ணத்தைக் கடந்து தந்தத்திற் பட்டு மீளும். அம்மீட்சியே தோலின்கீழ்க் குருதி ஓடுவது போன்ற தோற்றத்தைத் தருவது. வெண்மையைப் பூசாது, தந்தத்தின் வெண்மையையே மேனியாக்கிய நுட்பம் இதுவாகும்.

1705 ஆம் ஆண்டில், புறாவை ஏந்திய சிறுமி ஒருத்தியின் தந்த ஓவியத்தின் பொருட்டு, உரோமாபுரியிலுள்ள தூய உலூக்கா ஓவியக் கழகம் இவரை உறுப்பினராக ஏற்றது. அக்காலத்திலேயே வண்ணப்பொடியைக் கோலாகத் திரட்டித் தாளில் எழுதும் முறையிலும் இவர் கைதேர்ந்தார். தந்தத்திற் கற்ற மேனிநிறப் பாடம் ஈண்டும் பயன்பட்டது. பொடிவண்ணத்தின் மென்மை, கன்னத்தின் மென்மைக்கு ஏற்ற துணையாயிற்று.

1720 இல், கலைப்பொருள் திரட்டுவதிற் பெயர்பெற்ற குரோசா என்னும் செல்வரின் அழைப்பை ஏற்றுப் பாரிசு சென்றார். பத்து வயதினனாகிய அரசன் பதினைந்தாம் உலூயி இவர்முன் அமர்ந்தான். பெண்களை இனிச் சேர்ப்பதில்லை என்று 1706 இல் முடிவுசெய்திருந்த பிரான்சிய அரச ஓவியக் கழகம், அவ்வாண்டு ஒற்றோபர் மாதத்தில் இவருக்குத் தன் வாயிலைத் திறந்தது. நோயுற்றிருந்த ஓவியர் வாத்தோவின் முகத்தை 1721 இல் இவர் எழுதினார். அவ்வாண்டே வாத்தோ மறைந்தார். 1730 இல் வியன்னா அரசவையும் இவரை வரவேற்றது. சட்சனி நாட்டை ஆண்ட மூன்றாம் ஒகசுதசு இவருடைய வண்ணக்கோல் ஓவியங்கள் 150 க்கு மேற்பட்டவற்றைத் திரெசுதன் நகரிற் சேர்த்துவைத்தார்.

பிறர் முகங்களுக்குப் பொலிவூட்டிய இவ்வம்மையார் தம் முகத்தை எழுதியபொழுது பொலிவூட்ட முயன்றிலர் என்பது ஈண்டு நோக்கற்பாலது. நரைத்த தலையையும் தளர்ந்த கன்னத்தையும் உள்ளவாறே காட்டினார். பிறர்க்கு நயமும் தமக்கு உண்மையும் வழங்கிய நேர்மை அது.

திருமணம் செய்யாது வாழ்ந்த இவருக்குத் தங்கை சியோவன்னாவே தொழிலிலும் இல்லத்திலும் துணை. 1730 களின் பிற்பகுதியில் அத்துணை மறைந்தது. அதன்பின் வந்தது அதனினும் கொடிது. கன்னச் செம்மையின் எண்ணிறந்த வேறுபாடுகளைக் கண்டறிந்த கண்கள் மங்கின. 1746 அளவிற் பார்வை அவரை விட்டு நீங்கிற்று. உணர்வகற்றும் மருந்து அறியப்படாத அக்காலத்தில், தம் கண்களைச் சத்திரவைத்தியரின் கத்திக்கு ஒப்புவித்தார். 1749 இற் செய்த சிகிச்சையாற் சிறிது காலம் ஒளி மீண்டது. பின்னர் முற்றாக அணைந்தது.

பார்வை முற்றும் நீங்குமுன் எழுதிய இறுதித் தன்னுருவம் ஒன்று வெனிசு நகரக் கலைக்கூடத்தில் உளது. தலையில் இலைமாலை, முகத்திற் புன்னகை இல்லை, அயலே நோக்கும் கண்களில் நடுக்கமும் இல்லை. இருள் வருவதை அறிந்த ஒருவர், அதற்குமுன் தம் முகத்தின் நிறத்தை ஒருமுறை கணக்கிட்டு எழுதிவைத்தாற் போன்றது அது.

1757 ஆம் ஆண்டு ஏப்பிரல் 15 ஆம் நாள், தம் எண்பத்துநான்காவது வயதில், பிறந்த நகரிலேயே அவர் மறைந்தார். ஆண்டுகள் பல அவர் காணாதிருந்த செம்மை, அவர் எழுதிய தந்தத் தகடுகளில் இன்றும் காண்போர்க்குப் புலனாகின்றது.