விடை தவறியது, வினா வென்றது!

உயிரணுவுக்குள் இரண்டு மொழிகள் வழங்குகின்றன. மரபுச் செய்தி டி.என்.ஏ.வில் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டிருக்கிறது. உடலை இயக்கும் புரதங்களோ 20 வகை அமினோ அமிலங்களைக் கோத்து உருவாகின்றன. முதல் மொழியில் இருப்பதை உயிரணு எப்படி இரண்டாம் மொழிக்குப் பெயர்க்கிறது? இன்று பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் விடையெழுதும் இவ்வினாவை ஒரு குறியீட்டுக் கணக்காக உலகின் முன் வைத்தவர் உயிரியலாளர் அல்லர். அணுக்கருவையும் விண்மீன்களையும் ஆராய்ந்துகொண்டிருந்த இயற்பியலாளர் ஜார்ஜ் காமோவ்.

மரபுக் குறியீட்டு அட்டவணையை மனனம் செய்து தேர்வெழுதிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அந்தப் பாடத்தில் நிரன்பர்க்கும் கொரானாவும் இருந்தார்கள், காமோவ் இல்லை. 'ஒன்று, இரண்டு, மூன்று... முடிவிலி' என்ற நூலின் ஆசிரியராகவே அவரை நான் அறிந்திருந்தேன். அறிவியலை எளிய மக்களிடம் கொண்டுசேர்த்ததற்காக 1956-இல் அவர் பெற்ற யுனெஸ்கோவின் கலிங்கா பரிசு, ஒடிஸாவின் பிஜு பட்நாயக் அளித்த கொடையால் நிறுவப்பட்டது. அத்தகைய எழுத்தாளர் புரத உற்பத்தியின் வரலாற்றிலும் இடம்பெற்றிருக்கிறார் என்பதைப் பிற்காலத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

1904-ஆம் ஆண்டு மார்ச் 4-ஆம் தேதி, அன்றைய ரஷியப் பேரரசின் ஒடெசா நகரில் ஆசிரியர் குடும்பத்தில் பிறந்தார் காமோவ். சிறுவனாக இருந்தபோது, தேவாலயத்தில் தரப்பட்ட அப்பத்தின் துணுக்கைக் கன்னத்தில் அடக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, நுண்ணோக்கியின் கீழ் சாதாரண ரொட்டியோடும் தன் தோலின் துணுக்கோடும் ஒப்பிட்டுப் பார்த்ததாகத் தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார். சொல்லப்பட்டதைத் தானே சோதித்தறியும் இந்தக் குறும்பு இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

24 வயதில், அணுக்கருவிலிருந்து ஆல்ஃபா துகள் வெளியேறுவதைக் குவாண்டம் விதிகளால் விளக்கிப் புகழ் பெற்றார். ஸ்டாலின் ஆட்சியின் பிடி இறுகவே, 1932-இல் மனைவியுடன் சிறு துடுப்புப் படகில் கருங்கடலைக் கடந்து துருக்கிக்குத் தப்ப முயன்றார். புயல் அவர்களைக் கரைக்கே திருப்பிவிட்டது. மறு ஆண்டு பிரஸ்ஸல்ஸில் நடந்த சால்வே மாநாட்டுக்கு மனைவியோடு செல்ல அனுமதி கிடைத்தது. சென்றவர்கள் தாயகம் திரும்பவில்லை. 1934-இல் வாஷிங்டனில் பேராசிரியரானார். அங்கே தம் மாணவர் ஆல்ஃபருடன் பேரண்டத்தில் தனிமங்கள் தோன்றியது குறித்து 1948-இல் எழுதிய கட்டுரையில், ஆய்வில் பங்கேற்காத பெத்தே என்பவரின் பெயரையும் சேர்த்தார். ஆல்ஃபா, பீட்டா, காமா என்று ஒலிக்க வேண்டும் என்பதே காரணம். உழைத்த மாணவருக்கு அது மகிழ்ச்சி தரவில்லை. எனக்கும் அந்த வேடிக்கை முழுமையாக உவப்பானதன்று.

1953-இல் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவத்தை வாட்சனும் கிரிக்கும் வெளியிட்டனர். அதைப் படித்த காமோவ், அவ்வாண்டு ஜூலையில், முன்பின் அறிமுகமில்லாத அவ்விருவருக்கும் கடிதம் எழுதினார். ஓர் உயிரினத்தின் மரபை நான்கு இலக்கங்களால் எழுதப்பட்ட நீண்ட எண்ணாகக் கருதலாம். அந்த எண்ணிலிருந்து அமினோ அமில வரிசைக்குச் செல்ல ஒரு விதி இருந்தாக வேண்டும் என்பது அதன் சாரம்.

கணக்கு எளியது. ஓர் எழுத்து ஓர் அமினோ அமிலத்தைக் குறித்தால் நான்கைத்தான் குறிக்க முடியும். இரண்டெழுத்துச் சேர்க்கைகள் 16, அதுவும் போதாது. மூன்றெழுத்து என்றால் 64. தேவைக்கு மேல் மும்மடங்கு. இந்த 64 எவ்வாறு 20 ஆகிறது என்பதே புதிர். காமோவ் ஒரு விடையும் வைத்திருந்தார். இரட்டைச் சுருளின் படிகளுக்கிடையே சாய்சதுரக் குழிகள் இருப்பதாகவும், அவற்றின் மூலைகளில் அமையும் காரங்களைப் பொறுத்து ஒவ்வொரு குழியிலும் ஓர் அமினோ அமிலம் பொருந்துவதாகவும் கூறினார். அத்தகைய குழிகளை எண்ணினால் சரியாக 20 வகை! 1954-இல் 'நேச்சர்' இதழில் இது வெளியானது.

அழகான இந்த விடை முற்றிலும் தவறு. புரதம் டி.என்.ஏ.வின் மீதே உருவாவதில்லை; உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் உருவாகிறது. மேலும், காமோவின் முறையில் அடுத்தடுத்த சொற்கள் எழுத்துகளைப் பகிர்ந்துகொள்வதால், ஓர் அமினோ அமிலத்தை அடுத்து எல்லா அமினோ அமிலங்களும் வர இயலாது. சாங்கர் கண்டறிந்த இன்சுலின் வரிசையோடு இது முரண்பட்டது. எழுத்துகளைப் பகிரும் மும்மைக் குறியீடு எதுவும் சாத்தியமில்லை என்று 1957-இல் சிட்னி பிரென்னர் நிறுவினார்.

ஆனால், அந்தக் கடிதம் நிகழ்த்தியது வேறு. காமோவின் அமினோ அமிலப் பட்டியலில் பிழைகள் இருந்தமையால், கேம்பிரிட்ஜின் மதுவிடுதியொன்றில் அமர்ந்து கிரிக்கும் வாட்சனும் 20 பெயர்களைத் தொகுத்தனர். இன்றைய பாடநூல்களில் உள்ள பட்டியல் அதுவே. சாய்சதுரக் குழி எனும் கருத்தை மறுக்கும்போதுதான், காரங்களில் அமினோ அமிலம் நேரடியாகப் பொருந்த வழியே இல்லை என்பது கிரிக்குக்குத் தெளிவாகியது. அப்படியானால் ஒரு முனையில் காரங்களையும் மறுமுனையில் அமினோ அமிலத்தையும் பற்றிக்கொள்ளும் இடைத்தரகு மூலக்கூறு வேண்டும் என்று 1955-இல் அவர் ஊகித்தார். சில ஆண்டுகளில் அது கண்டறியப்பட்டது. இன்று அதனைக் கடத்து ஆர்.என்.ஏ. என்கிறோம்.

கிரிக்கின் அந்தக் குறிப்பு எந்த ஆய்விதழுக்கும் எழுதப்பட்டதன்று. காமோவ் தொடங்கிய 'ஆர்.என்.ஏ. டை சங்கம்' எனும் விளையாட்டுக் குழுவுக்காக எழுதப்பட்டது. அமினோ அமிலத்துக்கு ஒருவராக அதில் 20 உறுப்பினர்கள். காமோவ் அலனின், கிரிக் டைரோசின், இயற்பியலாளர் ஃபெய்ன்மன் கிளைசின். ஆர்.என்.ஏ. சுருள் பின்னிய கழுத்துப்பட்டையும் உண்டு. உள்ளே பரிமாறப்பட்டவையோ அரைகுறைக் கருத்துகள், அவற்றின் மறுப்புகள். வெளியீடுகளின் எண்ணிக்கையைக் கொண்டு ஆய்வாளரை எடைபோடும் நம் பல்கலைக்கழகங்களில், கிரிக்கின் அந்தக் குறிப்புக்கு ஒரு மதிப்பெண்ணும் கிடைத்திராது.

20 என்ற எண்ணின் கவர்ச்சிக்கு மயங்கியவர் காமோவ் மட்டுமல்லர். 1957-இல் கிரிக்கும் இரு நண்பர்களும் முன்வைத்த மற்றொரு குறியீடும் மிக நேர்த்தியாக 20 என்றே விடை தந்தது, அதுவும் பொய்த்தது. உண்மைக் குறியீட்டில் அத்தகைய நேர்த்தி இல்லை. 64 மும்மைகளில் 61 அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன, மூன்று, நிறுத்தற்குறிகள். சில அமினோ அமிலங்களுக்கு ஆறு சொற்கள், மெத்தியோனினுக்கு ஒன்றே. தூது ஆர்.என்.ஏ.வை ரைபோசோம் மும்மூன்று எழுத்துகளாகப் படிக்க, கடத்து ஆர்.என்.ஏ.க்கள் உரிய அமினோ அமிலங்களைக் கொண்டுவந்து சேர்க்கின்றன.

பூட்டைத் திறந்தவர்கள் சங்கத்துக்கு வெளியே இருந்தார்கள். 1961-இல் அமெரிக்காவின் பெத்தெஸ்டாவில் நிரன்பர்க்கும் மத்தேயும், யுராசில் மட்டுமே கொண்ட செயற்கை ஆர்.என்.ஏ.வைப் பாக்டீரியச் சாற்றில் இட்டனர். ஃபினைல் அலனின் மட்டுமே கோத்த சங்கிலி உருவானது. அவ்வாண்டு மாஸ்கோ மாநாட்டில் நிரன்பர்க் இதை அறிவித்தபோது கேட்டவர்கள் ஒரு சிலரே. செய்தியறிந்த கிரிக், பெரிய அரங்கில் மீண்டும் பேச வைத்தார். பஞ்சாபின் ராய்ப்பூர் சிற்றூரில் பிறந்த ஹர்கோவிந்த் கொரானா, வரிசை திட்டமாக அமைந்த ஆர்.என்.ஏ.க்களை உருவாக்கித் தர, 1966-க்குள் 64 சொற்களுக்கும் பொருள் தெரிந்தது.

அந்த வேட்டையிலிருந்து காமோவ் முன்பே விலகிவிட்டார். 1956-இல் கொலராடோ பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர், எழுத்திலும் பேரண்டவியலிலும் மீண்டும் ஆழ்ந்தார். 1968 ஆகஸ்ட் 19-ஆம் தேதி போல்டர் நகரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 64. எண்களோடு விளையாடியவர் இந்தப் பொருத்தத்தை ரசித்திருப்பார். இரண்டு மாதங்களில், மரபுக் குறியீட்டுக்கான நோபல் பரிசு நிரன்பர்க், கொரானா, ஹாலி ஆகிய மூவருக்கும் அறிவிக்கப்பட்டது.