துணிக்கடையில் பேணுதல் காத்த இமாம் அபூ ஹனீஃபா

நம் நாட்டுத் தமிழ் முஸ்லிம்களில் பலர் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். மலாய்க்காரர்கள் ஷாஃபி மத்ஹபினர். தமிழகத்திலும் ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி, மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபி. ஒரே பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழும்போது ஒருவர் தொப்புளுக்குக் கீழே கை கட்டியிருப்பார், பக்கத்தில் நிற்பவர் மேலே கட்டியிருப்பார். சுபுஹு தொழுகையில் ஷாஃபிகள் குனூத் ஓதுவார்கள், ஹனஃபிகள் ஓதமாட்டார்கள். இது மதப்பிரிவு அல்ல. மார்க்கச் சட்டத்தை விளங்கிக்கொள்ளும் வழி, அவ்வளவுதான். அப்படிப்பட்ட நான்கு வழிகளில் காலத்தால் முந்தியதற்குப் பெயர் தந்தவர் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்). பெயர் தெரிந்த பலருக்கும் அவர் துணி வியாபாரி என்பது தெரிவதில்லை.

ஹிஜ்ரி 80, அதாவது கி.பி. 699-இல், ஈராக்கின் கூஃபா நகரில் பிறந்தார். இயற்பெயர் நுஃமான், தந்தையார் பெயர் தாபித். பாட்டனார் காபூல் பக்கத்திலிருந்து வந்தவர் என்பது பரவலான செய்தி. பட்டும் கம்பளியும் கலந்து நெய்த துணிதான் அவருடைய வியாபாரம். ஒருநாள் கடைத்தெருவுக்குப் போய்க்கொண்டிருந்த இளைஞரை ஷஃபீ என்ற பெரியவர் நிறுத்தி, எந்த ஆசிரியரிடம் பாடம் கேட்கிறாய் என்று விசாரித்தார். யாரிடமும் இல்லை என்றதும், உன்னிடம் அறிவின் துடிப்பு தெரிகிறது, வீணாக்காதே என்று சொல்லி அனுப்பினார். அதன் பிறகு ஹம்மாது என்ற சட்ட அறிஞரிடம் 18 ஆண்டுகள் உட்கார்ந்து பாடம் கேட்டார். 738-இல் ஹம்மாது மறைந்தபோது அவருடைய இடத்தில் அமரும்படி மாணவர்கள் அழைத்தது அபூ ஹனீஃபாவைத்தான். வயது நாற்பதை ஒட்டியிருந்தது. பாடம் நடத்தத் தொடங்கிய பிறகும் அவர் கடையை மூடவில்லை.

நாற்பது ஆண்டுகள் இரவு முழுக்க வணங்கி, இஷாவுக்குச் செய்த ஒளுவோடு சுபுஹு தொழுதார் என்று பயான்களில் அடிக்கடி சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது நமக்கு எட்டாத உயரம். எனக்கு அவருடைய கடையைப் பற்றிய செய்திகளே அதிகம் பிடிக்கும். அங்கே நடந்தவை நம் ஊர்க் கடையிலும் நாளைக்கே நடக்கக்கூடியவை.

ஒரு பெண் பட்டுத் துணி ஒன்றை விற்க வந்தாள். விலை 100 திர்ஹம் என்றாள். அதற்கு மேல் பெறும் என்றார் இமாம். அவள் நூறு கூட்டினாள். இன்னும் பெறும் என்றார். இப்படியே 400 வரை வந்தபோது அவளுக்குக் கோபம் வந்துவிட்டது, என்னைக் கேலி செய்கிறீரா என்று கேட்டாள். விலை தெரிந்த ஓர் ஆளைக் கூட்டி வா என்றார். ஆள் வந்து மதிப்பிட்டபின் 500 கொடுத்து வாங்கிக்கொண்டார். வாங்குகிறவரே விலையை ஏற்றிக் கேட்டிருக்கிறார்!

இன்னொன்று எல்லாருக்கும் தெரிந்த கதை. ஹஃப்ஸ் என்பவர் அவருக்கு வியாபாரக் கூட்டாளி. அவர் வெளியூருக்குக் கொண்டுபோன சரக்கில் ஒரு துணியில் குறை இருந்தது. வாங்குகிறவரிடம் குறையைக் காட்டி விற்கும்படி இமாம் சொல்லியனுப்பினார். ஹஃப்ஸ் மறந்துபோனார். யாரிடம் விற்றோம் என்பதும் நினைவில்லை. திருப்பிக் கொடுக்க ஆள் தெரியாததால், அந்தத் துணியின் விலையை மட்டுமல்ல, மொத்தச் சரக்கின் பணத்தையும் இமாம் தர்மம் செய்துவிட்டார். கூட்டையும் முறித்துக்கொண்டார் என்று எழுதியவர்களும் உண்டு. மறதிக்கு இவ்வளவு தண்டனையா என்று ஹஃப்ஸுக்காக நாம் பரிதாபப்படலாம்.

இதற்குத்தான் தமிழ் முஸ்லிம்கள் பேணுதல் என்று சொல்வார்கள். ஆகாததை விடுவது எல்லார் மீதும் கடமை. சந்தேகமானதையும் விடுவது பேணுதல். ஆனால் அபூ ஹனீஃபா இதை ஊர் மீது திணிக்கவில்லை. தமக்குக் கடன்பட்டிருந்த ஒருவருடைய வீட்டுச் சுவரின் நிழலில் அவர் ஒதுங்கமாட்டார், வெயிலிலேயே நிற்பார். கொடுத்த கடனால் ஒரு பலன் கிடைத்தால் அதில் வட்டியின் சாயல் உண்டு என்ற அச்சம். மற்றவர்களுக்கு இதைக் கடமையாக்க மாட்டேன், படித்தவன் தனக்கு மட்டும் கூடுதல் கண்டிப்பு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் விளக்கம். பிறருக்குச் சட்டம் சொல்லும்போது இளகிய மனது, தமக்கென்று வரும்போது இரும்புப் பிடி.

10,000 திர்ஹம் பாக்கி வைத்த ஒருவர் அவரைத் தெருவில் கண்டதும் வேறு பாதையில் திரும்பினார். இமாம் கூப்பிட்டு நிறுத்தி, காரணம் தெரிந்ததும் முழுக் கடனையும் தள்ளுபடி செய்தார். தம்மைப் பார்த்து ஒரு மனிதர் வெட்கப்படும்படி ஆனதற்கு மன்னிப்பும் கேட்டார்.

பக்கத்து வீட்டில் ஒரு செருப்புத் தைப்பவர். இரவானால் குடித்துவிட்டு, தம்மை யாரும் மதிக்கவில்லை என்ற ஒரே பாட்டை உரக்கப் பாடிக்கொண்டிருப்பார். இமாம் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஓர் இரவு பாட்டுச் சத்தம் இல்லை. விசாரித்தால், காவலர்கள் பிடித்துப் போயிருந்தார்கள். மறுநாள் ஆளுநரிடம் நேரில் போய் அவரை மீட்டு வந்தார். திரும்பும் வழியில், நாங்கள் உன்னை மதிக்காமலா விட்டுவிட்டோம் என்று மெல்லக் கேட்டார். அத்தோடு அந்த மனிதர் குடியை விட்டார் என்கிறார்கள்.

ஊரெல்லாம் அவரிடம் தீர்ப்புக் கேட்டது, பெற்ற தாயைத் தவிர. அம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. மகன் பதில் சொன்னார். நீ சொன்னால் போதாது, ஜுர்ஆ சொல்லட்டும் என்றுவிட்டார். ஜுர்ஆ ஒரு பயான்காரர். இமாமே தாயாரை அங்கு அழைத்துப் போனார். பெரிய அறிஞரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் என்ன சொல்வது என்று ஜுர்ஆ தடுமாற, இமாம் பதிலை அவரிடம் சொல்லிக்கொடுத்தார். ஜுர்ஆ அதையே சொன்னார், அம்மாவும் நிம்மதியாக வீடு திரும்பினார்.

கடை லாபத்தில் கூஃபா அறிஞர்களின் உணவுக்கும் உடைக்கும் கொடுத்தார். அபூ யூசுப் என்ற ஏழை மாணவர் குடும்பக் கஷ்டத்தால் பாடத்தை விட்டு நின்றபோது 100 திர்ஹம் கொடுத்து, தீர்ந்தால் சொல் என்றார். சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை, தீருமுன் அடுத்த பை வந்துகொண்டிருந்தது.

உமையா ஆட்சியின் ஈராக் ஆளுநர் இப்னு ஹுபைரா அவருக்குப் பதவி தர முன்வந்தார். மறுத்ததற்குச் சவுக்கடி கிடைத்தது. அடியைவிடத் தாயாரின் துயரம்தான் அவரை வாட்டியது. விடுபட்டதும் மக்காவுக்குப் போய், ஆட்சி மாறிய பிறகே ஊர் திரும்பினார். அப்பாஸிய கலீஃபா மன்சூர் 762-இல் பாக்தாத் நகரைக் கட்டத் தொடங்கினார். அவரும் காஜி எனும் நீதிபதி பதவியை ஏற்கச் சொன்னார். உங்களுக்கும் உங்கள் தளபதிகளுக்கும் எதிராகத் தீர்ப்பளிக்கும் துணிவுள்ளவர்தான் வேண்டும், நான் தகுதியற்றவன் என்றார் இமாம். பொய் சொல்கிறீர் என்றார் கலீஃபா. அப்படியானால் பொய்யரை எப்படிக் காஜியாக்குவீர்கள் என்று கேட்டுவிட்டார். பதில் சிறை. 767-இல், ஹிஜ்ரி 150-இல், பாக்தாத்தில் காலமானார். சிறையிலேயே உயிர் பிரிந்தது என்பது பலர் எழுதியது.

பின்னாளில் ஹாரூன் ரஷீத் காலத்தில் தலைமை நீதிபதியானவர் அதே அபூ யூசுப். ஆசிரியர் உயிர்போகும்வரை மறுத்ததை மாணவர் ஏற்றார். ஹனஃபி சட்டம் இந்தியா வரை பரவியதற்கு அது ஒரு பெரிய காரணம். இதில் யார் சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை.

ஜனாஸாவுக்குக் கூட்டம் தாங்காமல் தொழுகையைத் திரும்பத் திரும்ப நடத்தினார்கள். தம்மை கைஸுரான் மையவாடியில் அடக்க வேண்டும் என்று அவர் முன்பே சொல்லி வைத்திருந்தார். அது யாரிடமிருந்தும் பறிக்கப்படாத நிலம் என்பது காரணம். அதைக் கேட்ட மன்சூர், உயிரோடிருந்தபோதும் இறந்த பின்னும் இந்த மனிதரிடமிருந்து என்னைக் காப்பது யார் என்று புலம்பினாராம். அவர் அடங்கியிருக்கும் அந்த வட்டாரம்தான் இன்றைய பாக்தாத்தின் அஃளமிய்யா.