ஓரியூர் செம்மண்

நம்ம மாவட்டத்து ஓரியூருக்குப் போறவங்க அங்குள்ள செம்மண்ணை ஒரு பிடி எடுத்து வருவாங்க. ஏன் தெரியுமா?

ஜான் டி பிரிட்டோ 1647-ல் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் பிறந்தார். இயேசு சபைக் குருவாகி 1673-ல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். தமிழ் கற்றார், காவி உடுத்தினார். மக்கள் அவரை அருளானந்தர் என்று அழைத்தார்கள்.

1686-ல் மறவ நாட்டில் பிடிபட்டு சித்திரவதைப்பட்டார். விடுதலையானபின் சபைப் பணியாக லிஸ்பன் போனார். அங்கேயே தங்கும்படி மன்னரே கேட்டார். சுகமா இருந்திருக்கலாம் இல்லையா? ஆனா, அடிபட்ட அதே நாட்டுக்கே திரும்பி வந்தார்!

அரச குடும்பத்துத் தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற, முதல் மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கினார். அவர்களில் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அவர் முறையிட, மன்னரின் கோபம் அருளானந்தர்மேல் திரும்பியது.

சிறையில் மை இல்லை. கரியைக் கரைத்துக் கடிதம் எழுதினார். அதில் புலம்பலே இல்லை. இறைவனிடம் போகப்போகிற சந்தோஷம்தான் இருந்தது. 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். 1947-ல் புனிதர் பட்டம் பெற்றார்.

அவர் ரத்தத்தால்தான் அந்த மண் சிவந்ததுன்னு மக்கள் நம்புறாங்க. சாவு முடிவல்ல என்று நம்பியதால் அவர் பயப்படவில்லை. நமக்கும் கஷ்டம் வரும். அப்போ அந்தக் கரிக்கடிதத்தை நினைச்சுக்குவோம்!