கொத்தனார் மகனின் கப்பல்

பாப் மார்லி படம் போட்ட பனியன் நம் ஜவ்வாது மலைக்கும் வந்துவிட்டது. அந்த மார்லியே போற்றிய ஒருவர் உண்டு. அவர் பாடகர் அல்லர், அச்சகத் தொழிலாளி. பெயர் மார்கஸ் கார்வி.

ஜமைக்காவின் செயின்ட் ஆன்ஸ் பே என்னும் கடலோர ஊரில், 1887 ஆகஸ்டு 17 அன்று, கொத்தனார் ஒருவரின் மகனாகப் பிறந்தார். சிறு வயதில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரச் சிறுமிதான் விளையாட்டுத் தோழி. வளர்ந்ததும் அவளை வெளியூருக்கு அனுப்பிய பெற்றோர், கார்விக்குக் கடிதம்கூட எழுதக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். ஊருக்கும் சேரிக்கும் இடையிலுள்ள தூரம் தெரிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கிங்ஸ்டன் அச்சகத்தில் மேற்பார்வையாளராக இருந்தும், 1908இல் நடந்த வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் பக்கம் நின்றார். வேலை போயிற்று. பிழைப்புத் தேடிப் போன மத்திய அமெரிக்காவில், வாழைத் தோட்டங்களில் தம் மக்கள் படும் பாட்டைக் கண்டார். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் நம் மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். கூலிக்குப் போன இடத்தில் நாதியற்றுப் போவது நமக்கும் புதிதல்ல.

1914இல் ஜமைக்காவில் கறுப்பின மக்களுக்கான சங்கத்தைத் தொடங்கி, 1916இல் நியூயார்க் போனார். 1918இல் 'நீக்ரோ வேர்ல்டு' இதழைத் தொடங்கினார். அதற்குப் பதினோரு ஆண்டு முன்பே சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்திய அயோத்திதாசப் பண்டிதரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. இருவரும் அச்சையே ஆயுதமாகப் பிடித்தவர்கள்.

1919இல் கப்பல் நிறுவனம் தொடங்கினார். பங்கு ஒன்று ஐந்து டாலர். வேலைக்காரப் பெண்களும் கூலிகளும் வாங்கினார்கள். வாங்கிய கப்பல்களோ பழையவை, விலையோ அதிகம். நிறுவனம் மூழ்கியது. தபால் மோசடி வழக்கில் சிறை, 1927இல் நாடு கடத்தல். வெள்ளை இனவெறிக் கும்பலான கூ க்ளக்ஸ் க்ளானின் தலைவரை 1922இல் அவர் சந்தித்துப் பேசியதை நம்மால் ஏற்க முடியாது. கறுப்பினத் தலைவர்களே அன்று கொதித்தார்கள். 1940 ஜூன் 10 அன்று லண்டனில் இறந்தார். உடல் 1964இல்தான் தாய்நாடு திரும்பியது. நாட்டின் முதல் தேசிய வீரர் என்ற பட்டமும் கிடைத்தது.

பட்டம் கொடுத்த நாடு அவரை மறந்தும் போனது. அதே செயின்ட் ஆன்ஸ் பேயில் பிறந்த வின்ஸ்டன் ராட்னி, 'பர்னிங் ஸ்பியர்' என்ற பெயரில் 1975இல் 'மார்கஸ் கார்வி' என்றே ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார். கார்வியை யாரும் நினைப்பதில்லையே என்று அதில் ஒரு பாட்டு முழுக்க வருந்துகிறார். அவசரமே இல்லாத தாளம், அடிவயிற்றில் இடிக்கும் பேஸ் கிடார், மேலே ஊதுகுழல்கள். குரலில் கெஞ்சல் இல்லை. ஒப்பாரியும் வழக்காடலும் சேர்ந்த குரல். வெள்ளைக்கார ரசிகர்களுக்காக நிறுவனம் ஒலிக்கலவையை மாற்றியதில் ராட்னிக்கு மனக்குறை. அப்படியும் அதன் காரம் போகவில்லை.

முதன்முறை கேட்பவர்கள் இரண்டாவது பாட்டிலிருந்து தொடங்கலாம். அடிமை நாட்கள் நினைவிருக்கிறதா என்று அதில் அவர் திரும்பத் திரும்பக் கேட்கிறார்.