சிறைக்கு வந்த உணவு

புனித பக்கோமியார் 292-ம் ஆண்டளவில் எகிப்து நாட்டில், கிறிஸ்துவை அறியாத குடும்பத்தில் பிறந்தார். ஏறத்தாழ இருபது வயதில் அவரைக் கட்டாயமாகப் படையில் சேர்த்து, தீபஸ் நகரில் மற்ற வாலிபர்களோடு அடைத்து வைத்தார்கள். மாலையில் ஊரார் சிலர் உணவு கொண்டுவந்து அவர்களை உண்ணச் செய்தனர். முன்பின் அறியாதவர்களுக்கு இத்தனை அன்பா என்று வியந்து விசாரித்த பக்கோமியார், அவர்கள் கிறிஸ்தவர்கள் என்று அறிந்தார். விடுதலை கிடைத்தால் அவர்களுடைய கடவுளுக்கே ஊழியம் செய்வதாக அன்றிரவு நேர்ந்துகொண்டார்.

போர் முடிந்து விடுதலையானதும் ஞானஸ்நானம் பெற்றார். பாலமோன் என்ற தவசியிடம் பயின்றபின், துறவிகள் ஒன்றாய் வாழ்ந்து உழைக்கும் மடத்தைத் தபென்னிசியில் நிறுவினார். பெண்களுக்கான மடத்தை அவருடைய சகோதரி மரியாள் நடத்தினார். கொள்ளைநோய்க் காலத்தில், 348-ம் ஆண்டளவில் பக்கோமியார் மரித்தார்.

உணவு கொண்டுவந்தவர்களின் பெயர்கள் சரித்திரத்தில் இல்லை. அவர்கள் பிரசங்கமும் செய்யவில்லை. அன்று அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தால், அந்த வாலிபர் திருச்சபையைப் பற்றி என்ன எண்ணியிருப்பார்?

அன்பு மாணவியரே! கழுத்தில் சிலுவை அணிந்து பஸ்ஸிலும் கடைத்தெருவிலும் நடமாடும் நம்மை வைத்தே, பிறர் திருச்சபையை எடைபோடுகிறார்கள்.