அக்காளின் பெயர்

ஷேக்ஸ்பியரின் நாடகத்தை முதன்முதலில் கையில் எடுத்தபோது எனக்கு ஏற்பட்டது அச்சமே. நானூறு ஆண்டுகளுக்கு முந்திய ஆங்கிலம், அதிலும் செய்யுள்! அன்று என் கையைப் பிடித்து அழைத்துச் சென்றது, அந்நாடகங்களை எளிய உரைநடையில் கதைகளாகச் சொல்லும் ஒரு சிறு நூல். அதன் ஆசிரியர் சார்லஸ் லாம். அவருடைய வாழ்க்கையை நான் படித்தது பின்னால்தான். படித்தபின் அந்நூலை வெறும் தேர்வுத் துணையாக நினைக்க முடியவில்லை.

லாம் 1775-இல் லண்டனில் ஓர் எழுத்தரின் மகனாகப் பிறந்தார். கவிஞர் கோல்ரிட்ஜ் அவருடைய பள்ளித் தோழர். கோல்ரிட்ஜ் கேம்பிரிட்ஜுக்குப் போனார். லாமுக்கோ திக்குவாய் தடையாயிற்று. 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் கணக்கராகச் சேர்ந்தார். நம் நாட்டு அவுரிக்கும் துணிக்கும் கணக்கெழுதிய கை அது! முப்பத்து மூன்று ஆண்டுகள் அவ்வேலையிலேயே கழிந்தன.

1796-இல் அக்குடும்பத்தின் மீது இடி விழுந்தது. அக்காள் மேரி, லாமைவிடப் பத்து வயது மூத்தவர். ஓயாமல் தையல் வேலை செய்தவர். ஒருநாள் சித்தம் கலங்கி, பெற்ற தாயையே கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார். தம்பிக்கு அப்போது வயது 21. அக்காளை வாழ்நாள் முழுதும் தாமே காப்பதாகப் பொறுப்பேற்றார், மணம் செய்துகொள்ளவேயில்லை. நோய் திரும்பும் அறிகுறி தெரிந்தால், இருவரும் கண்ணீரோடு மனநோய் விடுதிக்குச் சேர்ந்தே நடந்து போவார்களாம்.

இந்த இருவர்தாம் ஒரே மேசையில் அமர்ந்து அக்கதைகளை எழுதினார்கள். 1807-இல் வெளிவந்த நூலில் கதைகள் இருபது. துன்பியல் நாடகங்கள் ஆறும் தம்பியின் பங்கு. மற்றப் பதினான்கும் அக்காளின் பங்கு. கிளைக்கதைகளை விலக்கினார்கள். ஷேக்ஸ்பியரின் சொற்களை இயன்ற இடமெல்லாம் காத்தார்கள். அவர் காலத்துக்குப் பின் ஆங்கிலத்தில் புகுந்த சொற்களைக் கூடியவரை தவிர்த்தார்கள். முக்கியமாக, தந்தையின் நூலகத்தில் தம் சகோதரர்களைப்போல் உரிமையோடு நுழைய முடியாத இளம் பெண்களை மனத்தில் கொண்டு எழுதினார்கள். மூலத்துக்குப் பதிலாக அல்ல, மூலத்துக்கு வழியாக!

ஆனால் முதற்பதிப்பின் முகப்பில் இருந்தது சார்லஸின் பெயர் மட்டுமே. நூலின் பெரும்பங்கை எழுதிய மேரிக்கு அங்கே இடமில்லை.

1834-இல் லாம் மறைந்தார். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் மேரியும் மறைந்து, எட்மண்டனில் தம்பியின் கல்லறையிலேயே அடக்கமானார்.

நண்பர்களே, பழைய புத்தகக் கடையில் நான் வாங்கிய படியின் முகப்பிலும் தம்பியின் பெயர் மட்டும்தான் இருந்தது. சென்ற வாரம் பேனாவை எடுத்து, அதன் அருகில் மேரி லாம் என்று எழுதி வைத்தேன்.