மழலை நாவில் வாழும் வள்ளியப்பா

நூல் ஒன்று தலைமுறைகளைக் கடந்து வாழ வேண்டுமாயின் அச்சகமும் நூலகமும் இருந்தால்தான் முடியும் என்று நாம் எண்ணுகிறோம். ஏட்டின் வாசமே அறியாத இல்லங்களிலும் ஒரு நூல் வாழ முடியும் என்பதற்குச் சான்றாகத் திகழ்பவர் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா. ஸ்ரீரங்கத்தில் எங்கள் இல்லம் அத்தகையதே. பள்ளிப் பாடநூலன்றி வேறு நூல் அங்கே நுழைந்ததில்லை. ஆயினும் மாம்பழத்தைப் பற்றிய அவரது பாட்டு, நான் 'அ' எழுதக் கற்கும் முன்பே என் நாவில் இருந்தது. பாட்டு புகழ்வதோ சேலத்து மல்கோவாவை. எங்கள் தெருப் பிள்ளைகளோ அதனை மாம்பழச்சாலைப் பாட்டு என்றே சொல்வார்கள். அதை எழுதியவர் யார் என்று எவரும் கேட்டதில்லை. அவர் பெயரைத் தேடித்தான் இக்கட்டுரை.

புதுக்கோட்டைக்குத் தெற்கே உள்ள இராயவரம் அவர் பிறந்த ஊர். பிறந்த நாள் 1922ஆம் ஆண்டு நவம்பர் 7. அப்போது அது மன்னர் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானம். 1948இல் சமஸ்தானம் இணைந்தபோது இராயவரமும் நம் திருச்சி மாவட்டத்து ஊராயிற்று. 1974 சனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமாகும் வரை அப்படியே இருந்தது. ஆகவே அவரை நம்மவர் என்று உரிமை கொண்டாடுவதில் பிழையில்லை!

பள்ளிப் பருவத்தில் இராயவரத்திலிருந்து கடியாபட்டிப் பக்கம் உள்ள உயர்நிலைப் பள்ளிக்குத் தோழர்களோடு நடந்தே சென்றவர் அவர். அந்நாளில் கடியாபட்டிக் கொட்டகையில் 'வனராஜா கார்ஜான்' என்னும் படம் வந்தது. காட்டையும் விலங்குகளையும் காட்டும் படம். சிறுவர் மனம் சும்மா இருக்குமா? மனம் இருந்தது, கையில் காசில்லை. படம் பார்க்க முடியாத அந்த ஏக்கத்தையே வள்ளியப்பா வழிநடையில் பாட்டாகக் கட்டிவிட்டார். படத்தின் பெயரையே திரும்பத் திரும்ப வைத்து அவர் பாட, உடன் வந்த பிள்ளைகள் கூடிப் பாட, நடைவழி குறைந்துவிட்டதாம். அவரது கவிதை பிறந்த இடம் இதுவே என்பர். இருட்டில் காசு கொடுத்துப் பார்த்தவர்கள் படத்தை மறந்திருப்பார்கள். பார்க்காத சிறுவனின் பாட்டைப் பற்றி இன்று நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

குடும்பச் சூழல் அவரைக் கல்லூரிப் பக்கம் விடவில்லை. இந்த இடத்தைப் படித்தபோது நூலை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் இருந்தேன். நம் கல்லூரியில் என்னைப் போலக் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள் எத்தனையோ பேர். நாம் ஏறி வந்துவிட்ட படியில் அவருக்குக் கால் வைக்க இடம் கிடைக்கவில்லை.

1940இல் சென்னை சென்றார். அதே இராயவரத்துக்காரரான வை. கோவிந்தன் நடத்திய 'சக்தி' அலுவலகத்தில் காசாளர் வேலை கிடைத்தது. அங்கே ஆசிரியராயிருந்த தி.ஜ.ர. இளைஞரை எழுதத் தூண்ட, 'ஆளுக்குப் பாதி' என்னும் முதல் கதை வெளிவந்தது. அடுத்த ஆண்டு இந்தியன் வங்கியில் சேர்ந்தார். 1982 வரை, நாற்பத்தொரு ஆண்டுகள், வங்கிக் கணக்குதான் அவருக்குச் சோறு போட்டது. பாட்டெல்லாம் அதற்கு வெளியே மிஞ்சிய நேரத்தில் பிறந்தவை.

1944இல் வந்த 'மலரும் உள்ளம்' 23 பாடல்கள் கொண்ட சிறு நூல். 1954இல் அதே பெயரில் 135 பாடல்களுடன் வந்தது. கிரேக்க நாட்டு ஈசாப்பின் கதைகளைத் தமிழ்ப் பாட்டாக்கினார். காந்தியடிகளின் கதையைப் பாட்டிலே சொன்னார். 'நீலா மாலா', 'பர்மா ரமணி' எனச் சிறுவர் நாவல்கள் எழுதினார். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்ற முன்னின்றார். பிள்ளைகளுக்கு எழுதுவதும் ஓர் எழுத்தா என்று ஏளனம் செய்தோர் நடுவே அப்படி எழுதுவோரை ஒரு கூரையின்கீழ்ச் சேர்த்தது, அவர் பாட்டுகளுக்கு நிகரான பணி என்பது என் கருத்து.

அவர் பாடல்கள் அனைத்தும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். இதைச் செய், அதைச் செய்யாதே என்று புத்தி சொல்லும் பாடல்கள் இப்போது சற்று வெளிறித் தெரிகின்றன. வாழ்பவை எவை? பழமும் பொம்மையும் விலங்கும் வருகின்ற, காரணமே இல்லாமல் சிரிக்க வைக்கின்ற பாடல்கள். சிறு வரிகள், பால்பல் விழுந்த வாயும் உச்சரிக்கும் சொற்கள், வரி முடியும்போது அடுத்த வரியைத் தானே இழுத்து வரும் ஓசை. இயற்பியல் படிப்பவனுக்கு ஊஞ்சல்தான் நினைவுக்கு வருகிறது. சரியான நொடியில் விரலால் தள்ளினாலே போதும், அது உயரப் போகும்.

தென்னாட்டு ஆறுகளைப் பற்றி அவர் எழுதிய 'நம் நதிகள்' நூலை நேஷனல் புக் டிரஸ்ட் பல இந்திய மொழிகளில் வெளியிட்டது. அதனைச் சென்ற கோடையில் அம்மா மண்டபப் படித்துறையில் அமர்ந்து படித்தேன். நூலில் காவிரி ஓடியது. எதிரே மணல்தான் கிடந்தது.

வங்கிப் பணி முடிந்தபின் 'கோகுலம்' இதழின் கௌரவ ஆசிரியராக இருந்து, 1989ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் வள்ளியப்பா மறைந்தார். அவ்வாண்டில் என் தாயார் தொடக்கப் பள்ளிச் சிறுமி. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று ஐந்தாம் வகுப்போடு அவரை நிறுத்திவிட்டார்கள். இன்று பூக்கட்டி விற்று என்னைப் படிக்க வைக்கிறார்.

மாவட்ட மைய நூலகத்திலிருந்து 'மலரும் உள்ளம்' எடுத்து வந்த இரவு, அவர் மல்லிகை தொடுத்துக்கொண்டிருக்க, நான் உரக்கப் படித்தேன். எனக்கு ஊட்டும்போது பாடியவற்றுள் சிலவற்றை ஒருவர் உட்கார்ந்து எழுதினார் என்பதையே அவரால் முதலில் நம்ப இயலவில்லை. பாட்டு என்பது மழை போல எங்கிருந்தோ வருவது என்று அவர் இருந்துவிட்டார். பிறகு ஒரு பாட்டில் என்னை நிறுத்தி, நூலில் ஒரு சொல் தவறாக அச்சாகியிருக்கிறது, எங்கள் தெருவில் அது வேறு மாதிரி என்றார். அச்சில் உள்ளதே சரி என்று நான் வாதிட்டேன். பிள்ளைகள் வாயில் உள்ளதே சரி என்பது அவர் கட்சி. வழக்கு இன்னும் தீரவில்லை.

அதன்பின் கவிஞரின் ஊரைக் கேட்டார்; என்ன படித்தவர் என்று கேட்டார். கல்லூரிக்குப் போக வாய்க்கவில்லை என்றேன். பூத்தொடுக்கும் விரல்கள் ஒரு கணம் நின்றன. ஒன்றும் சொல்லவில்லை. நூலைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாளன்று மட்டும், இன்னும் பதினைந்து நாள் கேட்டு வாங்கி வரும்படி என்னிடம் சொல்லி அனுப்பினார்.